மறையீட்டு அடையாளக் கலைச்சொற்கள்

மறையீட்டு அடையாளக் கலைச்சொற்கள் என்பவை, பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகளில் ஒரு பயனரை இனங்காணவும், அவர் எழுதியவை அவருடையவையே என்று மெய்ப்பிக்கவும் பயன்படும் சாவிகள், பெயர்கள், கையொப்பங்கள் முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஆகும். ஒரு நிறுவனம் நடத்தும் வழமையான சமூக வலைத்தளத்தில் கடவுச்சொல்லை மறந்தவருக்கு அந்நிறுவனம் புதிய கடவுச்சொல்லை வழங்கும். சாவியை மட்டுமே அடையாளமாகக் கொண்ட வலையமைப்பில் அவ்வாறு வழங்குவதற்கு எவரும் இல்லை. சாவியைத் தொலைத்தவர் தம் பெயரையும் வாசகர்களையும் இழக்கிறார். சாவியை வெளியிட்டுவிட்டவரின் பெயரில் எவரும் எழுதலாம். எனவே இத்துறையில் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வது ஈடுசெய்ய முடியாத இழப்பாக முடியக்கூடும். எதைக் காட்டலாம், எதை மறைக்கவேண்டும், எதை மாற்ற இயலும் என்பவற்றைச் சொல்லே உணர்த்துமாறு அமைப்பது இக்கலைச்சொற்களின் முதன்மை நோக்கம் ஆகும்.

பின்னணி

மறையீட்டு அடையாளம் பொதுச்சாவி மறையீட்டியலை அடிப்படையாகக் கொண்டது. இம்முறையை விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிரித்தானிய அரசின் தகவல்தொடர்புத் தலைமையகத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் எல்லிஸ் இக்கருத்தை 1970 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அது 1997 ஆம் ஆண்டு வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை. எல்லிஸ் இதற்கு இட்ட பெயர் 'மறைவற்ற குறியாக்கம்' என்னும் பொருள் தருவது. ஒரே கருத்துக்கு ஒருவர் மறைவின்மையை வைத்தும், மற்றவர்கள் பொதுமையை வைத்தும் பெயரிட்டுள்ளனர். இத்துறையில் பெயரிடும் சிக்கல் தொடக்கத்திலிருந்தே உள்ளது என்பதற்கு இது ஒரு சான்று.

இம்முறையில் ஒவ்வொரு பயனருக்கும் ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு எண்கள் உண்டு. ஒன்று பயனரிடம் மட்டும் இருக்கும். மற்றொன்று அதிலிருந்து கணக்கிடப்பட்டு எல்லோருக்கும் அறிவிக்கப்படும். முதல் எண்ணைக் கொண்டு ஒரு செய்திக்குக் கையொப்பம் இடலாம். இரண்டாம் எண்ணைக் கொண்டு அக்கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது.

எடுத்துக்காட்டாக, கயல் என்பவர் ஒரு குறிப்பை எழுதித் தம் மறைச்சாவியால் கையொப்பமிடுகிறார் என்று கொள்வோம். மாறன் அக்குறிப்பை எந்த வழங்கியிலிருந்து பெற்றாலும், கயலின் பொதுச்சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்க இயலும். இடையில் உள்ள வழங்கி ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. இதனால், வழங்கியை நம்பாமலேயே எழுதியவரை நம்ப முடிகிறது.

சொற்களால் எழும் சிக்கல்கள்

ஆல்மா விட்டன், ஜே. டி. டைகர் ஆகியோர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்யும் பிஜிபி 5.0 என்னும் மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிடங்களில் ஒரு மின்னஞ்சலுக்குக் கையொப்பமிட்டுக் குறியாக்கம் செய்து அனுப்புமாறு அவர்கள் கேட்டனர். மூன்றில் ஒரு பங்கினரே அதைச் சரியாகச் செய்தனர். ஏழு பேர், பெறுபவரின் பொதுச்சாவிக்குப் பதிலாகத் தம் பொதுச்சாவியையே கொண்டு குறியாக்கம் செய்தனர். வீட்டுச் சாவியை அறிந்த ஒருவர், 'பூட்டுவதற்கு என் சாவியைத்தானே பயன்படுத்தவேண்டும்' என்று எண்ணுவது இயல்பு. அவர்களைத் தவறான வழியில் செலுத்தியதில் சாவி என்னும் உவமைக்கும் பங்கு உண்டு எனலாம்.

சமூக வலையமைப்புகளில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. இங்குச் சாவி முதன்மையாக எதையும் பூட்டவோ திறக்கவோ பயன்படுவதில்லை. எழுதியவர் யார் என்று காட்டவே பயன்படுகிறது. ஆயினும் செயலிகள் பழைய வலைத்தளங்களின் சொற்களையே எடுத்தாளுகின்றன. அவற்றுள் சில பின்வருமாறு:

* கணக்கு: கணக்கு என்றால் அதை எழுதி வைத்திருக்கும் ஒருவர் உண்டு என்பது பொருள். வங்கிக் கணக்கின் புத்தகம் தொலைந்தால் வங்கி வேறு புத்தகம் தரும். சாவியை மட்டும் கொண்ட அடையாளத்துக்கு அத்தகைய வங்கி இல்லை.
* உள்நுழைதல்: மறைச்சாவியைச் செயலியில் ஒட்டுபவர் எங்கும் நுழைவதில்லை. தம் பெயரில் கையொப்பமிடும் ஆற்றலை அச்செயலிக்கு முழுமையாகக் கொடுக்கிறார்.
* கடவுச்சொல்: கடவுச்சொல்லை மாற்றலாம். மறைச்சாவியை மாற்றினால், அதனோடு இணைந்த பொதுச்சாவியும் மாறிவிடும். பொதுச்சாவியே அடையாளமாக உள்ள இடத்தில் அடையாளமே மாறியதாகும்.
* நீக்குதல்: பல வழங்கிகளில் பரவிய குறிப்பை எழுதியவரால் நீக்கிவிட முடியாது. நீக்குமாறு வேண்டவே முடியும்.

வேறுபடுத்த வேண்டிய கருத்துகள்

பேச்சுவழக்கில் 'அடையாளம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் பின்வரும் கருத்துகளைத் தனித்தனியே பெயரிடுவது தெளிவு தரும்.

* அடையாளங்காட்டி: ஒரு பயனரை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துக் காட்டும் மாறாத எழுத்துத் தொடர். பெரும்பாலும் இது மனிதர் படித்து நினைவில் வைக்கத்தக்கது அன்று.
* பயனர்பெயர்: மனிதர் படிக்கவும் சொல்லவும் ஏற்ற பெயர். இது மாறக்கூடும். வேறொருவர் இதே பெயரைக் கொள்ளவும் கூடும்.
* பொதுச்சாவி: கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் எண். எவருக்கும் காட்டலாம்.
* மறைச்சாவி: கையொப்பமிட உதவும் எண். எவருக்கும் காட்டலாகாது.
* கையொப்பம்: ஒரு குறிப்பிட்ட செய்திக்கென்று மறைச்சாவியால் கணக்கிடப்பட்ட எண். செய்தி மாறினால் கையொப்பமும் மாறும்.
* சான்று: 'இந்தச் சாவி இன்னாருடையது' என்று வேறொருவரோ, ஓர் இணையத் தளமோ தெரிவிக்கும் கூற்று.
* மீட்புவழி: சாவி தொலைந்தாலோ களவுபோனாலோ அடையாளத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. எல்லா வலையமைப்புகளிலும் இது இருப்பதில்லை.

வலையமைப்புகளில் வழங்கும் சொற்கள்

மாஸ்டடான்

மாஸ்டடான் மென்பொருளை ஆய்கன் ரோச்கோ 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இது பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. இங்குப் பயனரின் முகவரி மின்னஞ்சல் முகவரியைப் போலப் பயனர்பெயரும் வழங்கியின் பெயரும் சேர்ந்தது. சாவிகள் உண்டு, ஆனால் அவற்றை வழங்கியே வைத்திருக்கிறது. எனவே 'கணக்கு', 'கடவுச்சொல்' என்னும் சொற்கள் இங்குப் பொருத்தமானவை. வேறு வழங்கிக்கு இடம்பெயர்பவர் தம்மைப் பின்தொடர்வோரைக் கொண்டுசெல்லலாம். பழைய இடுகைகள் உடன்செல்வதில்லை. வழங்கி மூடப்பட்டால் முகவரியும் அழியும். இங்குப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லப்படவேண்டியது சாவியைப் பற்றியது அன்று, வழங்கியைச் சார்ந்திருத்தலைப் பற்றியது.

செக்யூர் ஸ்கட்டில்பட்

டொமினிக் டார் 2014 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நெறிமுறையில் பொதுச்சாவியே அடையாளங்காட்டி ஆகும். ஒருவரின் இடுகைகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்பட்டுக் கையொப்பமிடப்படுகின்றன. இச்சங்கிலிக்கு 'ஓடை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஒரே மறைச்சாவியை இரு கருவிகளில் பயன்படுத்தினால் சங்கிலி இரண்டாகக் கிளைத்துப் பழுதாகிவிடும். ஆகவே இங்குச் சாவி குறிப்பது ஒரு மனிதரைக் காட்டிலும் ஒரு கருவியில் உள்ள ஓர் ஓடையை எனலாம். 'என் அடையாளம்' என்ற சொல்லால் இதனைக் குறித்தால், பயனர் அதைத் தம் எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுசெல்ல முனைவார்.

நோஸ்டர்

நோஸ்டர் நெறிமுறை 2020 ஆம் ஆண்டில் வெளியானது. இங்கும் பொதுச்சாவியே அடையாளங்காட்டி. சாவிகள் 32 பைட்டு நீளமுடையவை. பதினாறடிமான எண்முறையில் எழுதினால் இரண்டு சாவிகளும் 64 எழுத்துகள் கொண்டவையாய், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்று அவற்றைப் பார்த்து அறிய முடியாது. இதனால் 'என்பப்', 'என்செக்' என்னும் முன்னொட்டுகள் சேர்க்கப்பட்டன. முதலாவது பொதுச்சாவியையும், இரண்டாவது மறைச்சாவியையும் குறிக்கும். முன்னொட்டுடன் எழுதும்போது ஒவ்வொன்றும் 63 எழுத்துகள் கொண்டது. இறுதி ஆறு எழுத்துகள் எழுத்துப்பிழையைக் கண்டறிய உதவுகின்றன. இது ஒரு நல்ல முன்னேற்றம். ஆயினும் மறைச்சாவியின் முன்னொட்டு, அதை அறியாதவருக்கு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

நோஸ்டரின் அடிப்படை நெறிமுறையில் சாவியை மாற்றும் வழி இல்லை. இதனால் மறைச்சாவியை ஒவ்வொரு செயலியிலும் ஒட்டாமல், கையொப்பமிடுவதற்கென்றே உள்ள ஓர் உலாவி நீட்சியிலோ தனிச் செயலியிலோ வைத்திருக்கும் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. இங்கு 'உள்நுழைக' என்பதைவிடக் 'கையொப்பமிட இசைக' என்பது நடப்பதை உள்ளபடி சொல்லும்.

மின்னஞ்சல் வடிவில் உள்ள ஒரு பெயரை ஓர் இணையத் தளத்தின் வழியாகப் பொதுச்சாவியோடு இணைக்கும் ஏற்பாடும் நோஸ்டரில் உண்டு. இதைச் சில செயலிகள் சரிக்குறியிட்டு, 'சரிபார்க்கப்பட்டவர்' என்று காட்டின. ஆனால், இவ்வேற்பாடு ஒருவரை இனங்காட்டுவதற்கேயன்றி அவரைச் சரிபார்ப்பதற்கு அன்று என்று அதன் விவரக்குறிப்பே தெளிவுபடுத்துகிறது. ஒரு தளத்தை நடத்துபவர் தாம் விரும்பிய எப்பெயரையும் எச்சாவிக்கும் இடலாம். எனவே இதனைத் 'தளப்பெயர்' என்று அழைப்பதே பொருந்தும்.

ஏடி நெறிமுறை

ப்ளூஸ்கை வலையமைப்பு பயன்படுத்தும் ஏடி நெறிமுறை அடையாளங்காட்டியையும் சாவியையும் பிரித்து வைக்கிறது. இதன் அடையாளங்காட்டி, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2022 ஆம் ஆண்டில் பரிந்துரையாக வெளியிட்ட பரவலாக்கப்பட்ட அடையாளங்காட்டிகளின் வடிவில் அமைந்தது. பயனர்பெயர் ஓர் இணையத் தளப்பெயராகும். பயனர்பெயரை மாற்றினாலும் அடையாளங்காட்டி மாறுவதில்லை. இடுகைகளுக்குக் கையொப்பமிடக் 'கையொப்பச் சாவி' ஒன்றும், அச்சாவியை மாற்றும் உரிமை கொண்ட 'சுழற்சிச் சாவிகள்' சிலவும் உள்ளன. உயர்நிலைச் சுழற்சிச் சாவியை வைத்திருப்பவர், கீழ்நிலைச் சாவியால் செய்யப்பட்ட மாற்றத்தை 72 மணி நேரத்துக்குள் விலக்கலாம். சாவிகளுக்குத் தொழிலை ஒட்டிப் பெயரிட்டிருப்பது இங்குச் சிறப்பு.

இதில் பெரும்பாலும் பயன்படும் அடையாளங்காட்டி வகை 'பிஎல்சி' எனப்படுகிறது. இது முதலில் 'தற்காலிக இடநிரப்பி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக இருந்தது. பின்னர் அதே மூன்று எழுத்துகளுக்குச் 'சான்றுகளின் பொதுப் பேரேடு' என்று பொருள்படும் விரிவு தரப்பட்டது. தற்காலிகமாக இட்ட பெயரும் நெறிமுறையில் ஊன்றிவிட்டால் நீக்குவது அரிது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ப்ளூஸ்கையின் பெரும்பாலான பயனர்களின் கையொப்பச் சாவியை அவர்களது தரவை வைத்திருக்கும் வழங்கியே காக்கிறது. பயனர் கடவுச்சொல்லையே பயன்படுத்துகிறார். எனவே 'உங்கள் சாவி உங்களிடமே' என்னும் கூற்று இங்கு அப்படியே பொருந்தாது.

சூக்கோ முக்கோணம்

சூக்கோ வில்காக்ஸ் 2001 ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து சூக்கோ முக்கோணம் எனப்படுகிறது. வலையமைப்பில் ஒரு பெயர் மனிதருக்குப் பொருள்படுவதாகவும், போலி செய்ய முடியாததாகவும், நடுவண் அமைப்பு எதையும் சாராததாகவும் இருத்தல் விரும்பத்தக்கது. இம்மூன்றும் ஒரே பெயரில் கூடுவது கடினம் என்பது அவரது கூற்று. பொதுச்சாவி போலி செய்ய முடியாதது, நடுவண் அமைப்பைச் சாராதது, ஆனால் நினைவில் நில்லாதது. தளப்பெயர் நினைவில் நிற்கும், ஆனால் பெயர்ப் பதிவகத்தைச் சார்ந்தது.

இதற்கு ஒரு தீர்வாக இடுபெயர் முறை கூறப்படுகிறது. கைபேசியின் தொடர்புப் பட்டியலில் ஓர் எண்ணுக்கு 'அத்தை' என்று பெயரிட்டு வைப்பது போல, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த சாவிக்குத் தாமே பெயரிட்டுக்கொள்வது இம்முறை. அப்பெயர் பிறருக்குப் பொருந்தவேண்டியதில்லை. செயலிகள் பயனர் தாமே சூட்டிய பெயரையும், எதிரில் உள்ளவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும். இல்லையெனில் வேறொருவர் 'அத்தை' என்று பெயரிட்டுக்கொண்டு வந்து ஏமாற்ற இயலும்.

சொல் தேர்வு நெறிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

* ஒரு கருத்துக்கு ஒரு சொல்லையே எங்கும் வழங்கவேண்டும். ஒரே திரையில் 'சாவி', 'முகவரி', 'அடையாளம்' மூன்றும் ஒன்றையே குறித்தால் பயனர் அவற்றை மூன்று பொருள்கள் என்று கருதுவார்.
* சொல் செயலை உணர்த்தவேண்டும். 'கையொப்பச் சாவி', 'சரிபார்ப்புச் சாவி' என்னும் இணை, எது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறது.
* மறைக்கவேண்டியதன் பெயரில் மறைவு தெரியவேண்டும்.
* இல்லாத ஆற்றலைச் சொல் உறுதியளிக்கக்கூடாது. நீக்க இயலாத இடத்தில் 'நீக்கல் வேண்டுகோள்' என்றே கூறவேண்டும். நோஸ்டரின் விவரக்குறிப்பும் இவ்வாறே குறிக்கிறது.
* உவமையைப் பயன்படுத்தினால் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். நாணய மென்பொருள்களில் 'பணப்பை' எனப்படுவது பணத்தை வைத்திருப்பதில்லை, சாவியையே வைத்திருக்கிறது.

புழக்கத்தில் உள்ள சொல்லையும் மாற்ற முடியும் என்பதற்குச் சிக்னல் செயலி எடுத்துக்காட்டு. சாவிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணுக்கு மறையீட்டியலாளர் வழங்கிவந்த 'கைரேகை' என்னும் பெயரை அச்செயலி 2016 ஆம் ஆண்டில் கைவிட்டு, 'பாதுகாப்பு எண்' என்று மாற்றியது. கைபேசியை விரல்ரேகையால் திறக்கும் பயனருக்குக் 'கைரேகை' என்பது வேறொரு பொருளையே நினைவூட்டும் என்பது இங்கு நோக்கத்தக்கது.

தமிழ்க் கலைச்சொற்கள்

தமிழில் இக்கருத்துகளுக்குச் சொல் தேரும்போது, ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளைப் பார்ப்பதைவிடச் சொல் தமிழ் வாசகருக்கு எதை நினைவூட்டும் என்று பார்ப்பது பயன் தரும்.

* சாவி, திறவுகோல்: 'சாவி' போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். 'திறவுகோல்' என்பதில் திறத்தல் என்னும் வினை உள்ளது. கையொப்பமிடும் எண் எதையும் திறப்பதில்லை. ஆகவே கையொப்பம் பற்றிய இடங்களில் வினை எதையும் குறிக்காத 'சாவி' என்பதே குழப்பம் குறைந்தது.
* தனிச்சாவி, மறைச்சாவி: 'தனி' என்பது பிரிந்து நிற்பதையும் ஒருவருக்கே உரியதையும் குறிக்கும். மறைக்கவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 'மறைச்சாவி' அல்லது 'இரகசியச் சாவி' அதை நேரே சொல்கிறது. இருவர் பகிர்ந்துகொள்ளும் ஒற்றைச் சாவியையும் மறையீட்டியலில் இரகசியச் சாவி என்பதுண்டு. அதைப் 'பகிர்சாவி' என்று பிரித்துச் சொல்லலாம்.
* பொதுச்சாவி: 'பொது' என்பது எல்லோருக்கும் உரிமையானது என்றும் பொருள்படும். எல்லோரும் திறக்கத்தக்க சாவி என்று மயங்காமலிருக்க, முதல் பயன்பாட்டில் 'சரிபார்க்க உதவும் பொதுச்சாவி' என்று விரித்து எழுதுவது நன்று.
* அடையாளம்: இந்தியாவில் வாக்காளர் அடையாள அட்டையையும் இலங்கையில் தேசிய அடையாள அட்டையையும் அரசு அமைப்புகள் வழங்குகின்றன. ஆதலால் 'அடையாளம்' என்றதும், வழங்குபவர் ஒருவர் உண்டு என்ற எண்ணம் எழுகிறது. மறையீட்டு அடையாளத்தைப் பயனர் தாமே உருவாக்கிக்கொள்கிறார்.
* கையொப்பம், சான்றொப்பம்: கையால் இடும் கையொப்பம் எத்தாளிலும் ஒன்றுபோலவே இருக்கும். மறையீட்டுக் கையொப்பம் செய்திக்குச் செய்தி வேறுபடும், ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்ட முடியாது. நகல் சான்றிதழ்களில் அலுவலர் இடும் 'சான்றொப்பம்' என்னும் சொல் தமிழில் முன்பே உள்ளது. ஒருவரைப் பற்றி மற்றொருவர் தரும் உறுதிக்கு இச்சொல் பொருத்தமானது.
* முத்திரை மோதிரம்: ஓலையில் இடும் முத்திரை அனுப்பியவரை உணர்த்தும். மோதிரத்தை வைத்திருப்பவரே முத்திரையிட முடியும், பதிவை எவரும் பார்க்கலாம். கையொப்பச் சாவியை விளக்க, பூட்டும் சாவியும் என்பதைவிட இவ்வுவமை நெருக்கமானது. மோதிரம் களவுபோனால் நேரும் கேட்டையும் இது உணர்த்துகிறது. ஆனால் முத்திரைப் பதிவைப் பார்த்துப் போலி மோதிரம் செய்யலாம், மறையீட்டுக் கையொப்பத்தைப் பார்த்து மறைச்சாவியைச் செய்ய முடியாது.

வரம்புகள்

நல்ல கலைச்சொல் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. சாவியை மாற்றும் வழியே இல்லாத நெறிமுறையில், எப்பெயரிட்டாலும் தொலைந்த சாவி தொலைந்ததே. மேலும், சாவி ஒரு கையொப்பத்தை இட்டது எது என்பதை மெய்ப்பிக்கும். அச்சாவியை அப்போது கையில் வைத்திருந்தவர் யார் என்பதை அது மெய்ப்பிக்காது. எனவே 'கயல் எழுதினார்' என்பதற்கும் 'கயலின் சாவியால் கையொப்பமிடப்பட்டது' என்பதற்கும் வேறுபாடு உண்டு. வழமையான நாள்களில் இரண்டும் ஒன்றே. சாவி களவுபோன நாளில், கயல் எழுதாதவற்றையும் வலையமைப்பு கயலின் கூற்றாகவே காட்டும். இவ்வேறுபாட்டைச் சொல்லத்தக்க சொற்கள் செயலியில் முன்பே இருந்தால்தான், அவர் தம் நிலையைப் பிறருக்கு விளக்க இயலும்.